பினாங்கில் இப்போது எது பேச்சு? எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஸ்னாப் மேப்: ஓர் ஒப்பீடு

லிட்டில் இந்தியாவில் சில கடைகளின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். "இன்னைக்கு ஊர்ல என்ன பேச்சு?" என்று கடைக்காரர்கள் கேட்டால், இருப்பிடத் தகவலை வைத்துப் பதில் தேட சில வழிகள் உண்டு. நான் பார்ப்பது பினாங்குக் கண்ணால். கோலாலம்பூர்க்காரருக்குக் கணக்கு வேறு.

முதலில் எக்ஸ். ட்விட்டர் என்ற பெயரில் இருந்தபோதே, 2010-ல், ஊர்வாரி ட்ரெண்ட் பட்டியல் (அந்த நேரத்தில் பேச்சில் ஏறும் சொற்களின் பட்டியல்) வந்துவிட்டது. மலேசியாவில் அப்படி இடம்பிடித்தவை கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், காஜாங், உலு லங்காட், ஈப்போ, ஜொகூர் பாரு. தலைநகரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டும் ஐந்து, நமக்கு ஒன்றுகூட இல்லை! நாடு முழுவதற்குமான பட்டியலைப் பார்த்தால் தலைநகரின் சத்தம்தான் காதில் விழுகிறது.

தவிர, ட்ரெண்டில் ஏறுவது அதிகம் பேசப்படுவது அல்ல, திடீரென்று பேச்சு கூடுவது. நாசி கண்டார் என்ற சோற்றுக் கடை உணவைப் பற்றி இந்த ஊர் வருடம் முழுக்கப் பேசுகிறது. அதனாலேயே அது ஏறாது.

சரி, எக்ஸில் தேடல் பெட்டி இருக்கிறதே. 'ஜியோகோட்' கட்டளையோடு பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களான 5.41, 100.33 என்பவற்றையும் பத்து கிலோமீட்டர் என்ற தூரத்தையும் கொடுத்தால் அந்த வட்டத்துக்குள் வரும் பதிவுகள் கிடைக்கும். வட்டத்துக்குக் கடல் தெரியாது: எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் உள்ளே வந்துவிடும், தீவிலேயே இருக்கும் பத்து மாவுங் வெளியே போய்விடும். பெரிய சிக்கல் வேறு. துல்லியமான இருப்பிடத்தைப் பதிவோடு சேர்க்கும் வசதியை 2019-ல் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பும் நூற்றில் ஒன்றிரண்டு பதிவுகளில்தான் அது இருந்தது. அது இல்லாத இடத்தில் சுயவிவரத்தில் எழுதிய ஊர்தான் கணக்கு. வேலைக்காகச் சிங்கப்பூர் போய்ப் பத்து வருடமானவர் 'பினாங்கு' என்பதை மாற்றாமலே வைத்திருப்பார். அவர் ஜூரோங் மழையைத் திட்டினால் அதுவும் நம் ஊர் மழை.

இன்ஸ்டாகிராமில் இடத்தை ஆளே தேர்ந்தெடுத்து ஒட்டுகிறார். இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனவர் அந்தப் பெயரைத் தேடிப் போடுகிறார் என்றால், அதைச் சொல்ல அவருக்கு ஆசை இருக்கிறது என்று பொருள். எனக்கு வேண்டியது அந்த ஆசைதான். எந்தப் பந்தலைப் படமெடுக்கிறார்கள், எந்தக் காவடி திரும்பத் திரும்ப வருகிறது என்று இடப் பக்கத்தைப் பத்து நிமிடம் புரட்டினாலே தெரிந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. ஒரே கோயிலுக்கு நாலு எழுத்துக்கூட்டலில் நாலு பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் திறந்தாக வேண்டும். போன வாரப் படத்தை இன்று போடுபவர்களும் உண்டு.

நேரம் முக்கியம் என்றால் 2017-ல் வந்த ஸ்னாப் மேப், அதாவது ஸ்னாப்சாட் பதிவுகளை இடவாரியாகக் காட்டும் வரைபடம். கணக்கே இல்லாமல் உலாவியில் திறக்கலாம். பதிவு குறைந்த இடம் நீலம், குவிந்த இடம் சிவப்பு. ஆனால் அது இளவட்டங்களின் வரைபடம். மாலை கட்டும் அக்காவும் தேங்காய்க் கடை அண்ணனும் அதில் இல்லை.

கூகுள் ட்ரெண்ட்ஸ் மாநில அளவுக்கு இறங்கி வரும், ஆனால் காட்டுவது 0 முதல் 100 வரையான ஒப்பீட்டு எண்தான். பினாங்கில் தமிழ் எழுத்தில் தேடுபவர்கள் குறைவு என்பதால் கோடு பெரும்பாலும் தரையிலேயே கிடக்கும். டிக்டாக்கின் ஹேஷ்டேக் பட்டியல் நாட்டளவோடு நின்றுவிடுகிறது. அதை நான் திறப்பதே இல்லை.

கோலாலம்பூரில் கடை வைத்திருந்தால் எக்ஸ் பட்டியலில் தொடங்கச் சொல்வேன். இங்கே இன்ஸ்டாகிராம்தான் முதலில், தைப்பூச இரவில் மட்டும் பக்கத்தில் ஸ்னாப் மேப். அப்புறம், எந்த வரைபடத்திலும் வராத புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்று இருக்கிறது. சிவப்பு எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பூக்கடை அக்காவின் குரல் பதிவு வந்துவிடும்: "தம்பி, தேர் இன்னும் டத்தோ கெராமாட் சாலையைத் தாண்டல, அவசரப்படாதே."