முயலுக்கு அமொக்சிசிலின் பாணி கொடுக்காதீர்கள்: மட்டக்களப்பில் எங்களுக்கு நேர்ந்தது

முயலோ கினிப்பன்றியோ வளர்ப்பவர்களுக்கு, குறிப்பாக மட்டக்களப்பு நகரிலும் அதை அண்டிய ஊர்களிலும் இருப்பவர்களுக்கு, இதை எழுதுகிறேன். செல்லப்பிராணித் தீனும் கூண்டும் விற்கும் கடையொன்றில், எல்லோரும் ‘டொக்டர்’ என்று அழைக்கும் ஒருவர் கொடுத்த பாணி மருந்தால் எங்கள் பெண் முயல் இறந்துபோனது. எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மருந்தின் பெயரை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி (அன்டிபயோட்டிக்).

முயலுக்கு வந்திருந்தது பெரிய நோயே அல்ல. அடிக்கடி தலையை உதறிக்கொண்டு, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. காதை விரித்துப் பார்த்தால் உள்ளே தவிட்டு நிறத்தில் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. காதுச் சிற்றுண்ணியால் வரும் இந்தச் சொறி முயல்களுக்கு மிகச் சாதாரணம். அரச மிருக வைத்திய அலுவலகம் மூடியிருந்த விடுமுறை நாள் என்பதால் அந்தக் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் முயலின் எடையைப் பார்க்கவில்லை, என்ன தின்கிறது என்றும் கேட்கவில்லை. சாமணத்தால் பொருக்கைப் பிடித்து உரித்தார். இரத்தம் கசிந்தது, முயல் வீரிட்டது. மருந்து வேலை செய்தால் அந்தப் பொருக்கு தானாகவே உதிர்ந்துவிடும் என்பதையும், உரிப்பது முயலுக்குத் தாங்க முடியாத வலி என்பதையும் பின்னர்தான் சொல்லக் கேட்டோம். “இது சின்ன வருத்தம் அக்கா, இந்தப் பாணியக் குடுங்க, மறுகா பாப்பம்” என்று ஒரு போத்தலைத் தந்தார். நோயில்லாத ஆண் முயலுக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கச் சொன்னார். கூடவே, நாய்களுக்குக் கழுத்தில் விடும் தெள்ளு மருந்தொன்றும் தந்தார். எல்லாவற்றுக்கும் 2,500 ரூபாய். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, காலை ஒன்று மாலை ஒன்று என்று அளவு எழுதிய துண்டுக் கடதாசிதான் கிடைத்தது.

போத்தலின் லேபிள் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. ஓரத்தில் மீந்திருந்த எழுத்துகளில் ‘சிலின்’ என்ற முடிவும், கீழே சிறுவர்களுக்கான அளவும் தெரிந்தன. மனிதக் குழந்தைகளுக்குக் காய்ச்சல், சளி என்றால் கொடுக்கும் அதே வாழைப்பழ வாசனைப் பாணி.

பெண் முயல் அதை விரும்பிக் குடித்தது. ஆண் முயலோ மகள் எவ்வளவு முயன்றும் வாயைத் திறக்கவில்லை. அதனால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓரிரு நாளில் பெண் முயல் அறுகம்புல்லையும் தொடாமல் மூலையில் ஒடுங்கியது. உருண்டை உருண்டையாக விழ வேண்டிய புழுக்கை, கூழாகிப் பின்னங்கால் மயிரில் ஒட்டியது. வயிறு உப்பியது, காதுகள் சில்லிட்டன. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தபோது அவர் சொன்ன பதிலை எழுத இப்போதும் கோபம் வருகிறது: “மருந்த நிப்பாட்டாதீங்க அக்கா, வருத்தம் வெளிய போகுது.”

அலுவலகம் திறந்தவுடன் கொண்டுபோனோம். அங்கிருந்த மிருக வைத்திய அதிகாரி போத்தலை முகர்ந்து பார்த்தவுடனேயே விடயத்தைப் புரிந்துகொண்டார். முயலின் உடல் வெப்பநிலை சாதாரணமாக 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். எங்கள் முயலுக்கு அது வெகுவாக இறங்கியிருந்தது. தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, சூடேற்றி, தன்னால் இயன்றதையெல்லாம் செய்தார். அன்றிரவே முயல் இறந்தது.

அவர் விளக்கியதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முயல் தின்னும் நார்த்தீனை அதன் பெரிய குருட்டுக்குடலில் வாழும் பற்றீரியாக்களே நொதிக்கச் செய்கின்றன. அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளும், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் போன்றவையும் வாய்வழியாகப் போனால், அந்த நல்ல பற்றீரியாக்கள் அழிந்து, அவற்றின் இடத்தில் கிளொஸ்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. பெனிசிலினை ஊசியாக முயலுக்குப் போடும் வைத்தியர்கள் உண்டு, வாய்வழியாகக் கொடுப்பதுதான் கொல்லும். கினிப்பன்றிக்கோ ஊசியாகப் போட்டாலும் ஆபத்துத்தான். நுண்ணுயிர்க்கொல்லி கட்டாயம் தேவைப்பட்டால் என்ரோபுளொக்சசின் போன்றவை இருக்கின்றன. ஆனால் எங்கள் முயலுக்கு அதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை, ஏனெனில் சிற்றுண்ணியை நுண்ணுயிர்க்கொல்லி கொல்லாது. தேவைப்பட்டது எடைக்கேற்ற ஐவர்மெக்டின் ஊசி மட்டுமே. ஆண் முயலுக்கு அதையே போட்டு, இரண்டு வாரத்தின் பின் மீண்டும் போட்டார்கள். கூண்டையும் கழுவி வெயிலில் காயவைக்கச் சொன்னார்கள்.

நாய்க்கான அந்தத் தெள்ளு மருந்தைப் பையில் இருந்து எடுத்துக் காட்டியபோது அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். அது பிப்ரோனில். முயலுக்கு அது நஞ்சு என்பதால், முயலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கும் மருந்து. அந்தக் கடையில் முயல் கூண்டுக்கு மேலுள்ள தட்டிலேயே அது தொங்குகிறது.

இலங்கையில் மிருக வைத்தியம் செய்வதற்கு 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். இங்கே அந்தப் பட்டப்படிப்பு நடப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தில். சுவரில் லமினேட் செய்து மாட்டியிருக்கும் குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். உண்மையான வைத்தியர் அதற்காகக் கோபிக்க மாட்டார். எங்கள் பக்கத்து வைத்தியர்களிடம் வருபவை பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான், ஆகவே முயல் பார்த்த பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் விசாரிப்பதில் தவறில்லை. மருந்தின் பெயரை எழுதித் தர மறுப்பவரிடமும், முயலை நிறுக்காமல் அளவு சொல்பவரிடமும் காசு கொடுக்காதீர்கள். அரை நாளாக முயல் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. மறுநாள்வரை பொறுத்திருக்கக் கூடாது.

கடைக்காரரிடம் மீண்டும் போனபோது, “முயல் எண்டா இப்பிடித்தான் அக்கா, பொசுக்கெண்டு போயிரும்” என்று சொல்லிவிட்டு, பாதி விலைக்கு இன்னொரு குட்டி தருவதாகச் சொன்னார். சுரண்டிய லேபிளுடன் போத்தலையும் அளவு எழுதிய துண்டையும் முறைப்பாட்டுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே போன்ற போத்தல் உங்களிடமும் இருந்தால், அதை வீசிவிடாமல் அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள்.