உடும்புக்குட்டியோடு என் தலையில் கட்டிய செட்

டல்லாஸ் பக்கம் இருக்கும் நம்ம மக்கள் யாராவது பிள்ளைகளுக்கு உடும்பு வாங்கிக் கொடுக்க நினைத்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

போன வருடம் பையனின் பிறந்தநாளுக்கு, ஊர்வன விற்கும் கடை ஒன்றில் சவன்னா உடும்பு என்ற ஆப்பிரிக்க உடும்பின் குட்டி வாங்கினேன். குட்டி 50 டாலர்தான். "முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்ற செட்" என்று கூடவே கொடுத்தது 280 டாலர். 40 கேலன் கண்ணாடித் தொட்டி, ஒரு மூட்டை மணல், சிவப்பு பல்பு, கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர், உறைய வைத்த எலிக்குஞ்சு இரண்டு பாக்கெட். வளர்ந்தால் 3 அடி தாண்டும் பிராணிக்கு 3 அடித் தொட்டி! எனக்கும் அப்போது கணக்கு உறைக்கவில்லை.

இங்கேயே பிறந்த குட்டி என்றும் சொன்னார்கள். மறுநாளே முன்னங்கால் இடுக்கில் மிளகு அளவுக்கு ஓர் உண்ணியைப் பார்த்தாள் மனைவி. இங்கே பிறந்த குட்டிக்கு உண்ணி ஏது? ஆப்பிரிக்காவின் கானா, டோகோ பக்கமிருந்து மொத்தமாக இறக்குமதியாகும் குட்டிகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நாள் முழுக்கத் தொட்டி மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். இரண்டு அங்குல மணலைத் தள்ளியதும் நகம் கண்ணாடியில் பட்டுக் கிரீச்சிடும். விளையாடுகிறது என்று வீடியோ வேறு எடுத்தோம். பத்தாவது மாதம் வயிறு தரையில் தேய்ந்தது, விரல் மூட்டுகள் பட்டாணி போல வீங்கின.

வெட் (கால்நடை மருத்துவர்) எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "கவுட்" என்றார், அதாவது கீல்வாதம். நம்ம பெரியப்பாக்களுக்கு வருமே, அதேதான். ஈரமே இல்லாத மணலில் உடம்பு நீர் வற்ற, யூரிக் அமிலம் மூட்டில் படிந்துவிட்டது. எலிக்கொழுப்பு ஈரலில் சேர்ந்துவிட்டது. காட்டில் இது பெரும்பாலும் வண்டு, மரவட்டை, வெட்டுக்கிளி, நத்தை என்று பொறுக்கித் தின்கிற பிராணி. வெயில் காயும் இடம் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சுட வேண்டும், ஒதுங்க ஈரமான வளை வேண்டும். 20 டாலருக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வந்து பல்புக்குக் கீழே பிடித்தேன். 98.

கடைக்காரர் கை விரித்துவிட்டார். 14 நாள் கெடு முடிந்ததாம், நான்தான் தீனியைக் கூட்டிவிட்டேனாம். வாரம் எத்தனை எலி என்று அவரே எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்புறம் கராஜில் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் பிளைவுட் பெட்டி அடித்தோம். 2 அடி ஆழத்துக்கு மண், எப்படியும் இரண்டு டன் இருக்கும். முதுகு போய்விட்டது. சிவப்பு பல்பைக் கடாசிவிட்டு ஹாலஜன் விளக்குகளும் யூவிபி (புற ஊதாக் கதிர்) குழலும் மாட்டினேன். எலியை நிறுத்தி, கால்சியம் பொடி தூவிய பூச்சிகள்தான் இப்போது.

(ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம்மூர் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்து வைத்தாலே ஜெயில்தான்.)

மண்ணில் விட்டதும் தோண்டிக்கொண்டு உள்ளே போனது, மூன்று நாள் வெளியே வரவில்லை. நான்காம் நாள் மூக்கில் மண்ணோடு எட்டிப் பார்த்தது. வீக்கம் முழுசாக வற்றவில்லை, வற்றாது என்கிறார் வெட்.

அந்த 40 கேலன் தொட்டியில் இப்போது உடும்புக்குத் தீனியாகக் கரப்பான் வளர்க்கிறோம். அவற்றுக்கு இடம் தாராளம்.