பெண்களுக்கான ‘கேன்சர் செக்கப் பேக்கேஜ்’: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மார்ச் 8 நெருங்கினால் போதும், லேப்களின் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரிசைகட்டும்: ‘பெண்களுக்கான கேன்சர் செக்கப், சலுகை விலையில்’. எந்த லேபாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, சிஏ 125, சிஏ 19-9, சிஇஏ (மூன்றும் சில கேன்சர்களில் ரத்தத்தில் ஏறும் பொருட்களை அளக்கும் சோதனைகள்), வயிற்று ஸ்கேன், பாப் ஸ்மியர். கொஞ்சம் விலை கூடியதில் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) உண்டு.

பாப் ஸ்மியரும் மேமோகிராமும் உரிய வயதில், உரிய இடைவெளியில் எடுத்தால் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். அவற்றில் நமக்குப் புகார் இல்லை. சிக்கல் மற்றவற்றில்தான். சினைப்பை, கணையம் போல உள்ளே ஒளிந்து வளரும் கேன்சரை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று சொல்லித்தான் அவற்றை விற்கிறார்கள்.

முதலில் சிஏ 125. ரிப்போர்ட்டில் 35-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் சினைப்பைக் கேன்சர் முதல் நிலையில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த எண் ஏறுவதே இல்லை. மறுபக்கம், கேன்சருக்குச் சம்பந்தமே இல்லாமல் இதை ஏற்றிவிடும் விஷயங்கள் ஏராளம்: மாதவிடாய் நாட்கள், கர்ப்பம், ஃபைப்ராய்டு (கருப்பைச் சதைக்கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), இடுப்புக்குழித் தொற்று, கல்லீரல் சுருக்கம். நம் ஊரில் முக்கியமாக வயிற்று டிபி. டிபியில் வயிற்றில் நீர் கோத்து, சிஏ 125 நூற்றுக்கணக்கில் ஏறி, பார்ப்பதற்கு அச்சு அசலாகச் சினைப்பைக் கேன்சர் போலவே இருக்கும். எனவே 40 வயதுக்காரி தீட்டு நாளில் செக்கப்புக்குப் போய் 52 என்று ரிப்போர்ட் வாங்கி வந்தால், அதற்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. வீட்டில் எல்லாருடைய தூக்கமும் கெடுவதுதான் மிச்சம்.

அறிகுறியே இல்லாத பெண்களுக்கு இதை ஆண்டுதோறும் செய்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுள்ள 78,216 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். சிஏ 125-உம் பிறப்புறுப்பு வழி ஸ்கேனும் செய்த குழுவில் சாவு குறையவில்லை என்று 2011-ல் முடிவு வந்தது. கேன்சர் இல்லாமலேயே ‘சந்தேகம்’ என்று வந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, 163 பேருக்கு அதனால் கடுமையான சிக்கல் வந்தது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2021-ல் வந்தபோதும் கதை மாறவில்லை: ஆரம்ப நிலையில் சிலரைக் கூடுதலாகப் பிடித்தார்கள், சாவு எண்ணிக்கை குறையவில்லை. காரணம் நோயின் போக்கு. இந்தக் கேன்சரில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில், ஸ்கேன் கண்ணுக்கே அகப்படாத அளவில் தொடங்கி, அங்கிருந்து வயிற்றுக்குள் உதிர்கிறது. சினைப்பையில் கட்டியாகத் தெரியும்போது பலருக்கு ஏற்கெனவே பரவியிருக்கும்.

அப்படியானால் சிஏ 125 வீணா என்றால், இல்லை. அறிகுறி இருக்கும் பெண்ணுக்கு அது நல்ல கருவி. எந்த அறிகுறி என்பதைத்தான் நோட்டீஸில் போட மாட்டார்கள். வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துபோவது, அடிவயிற்றில் அல்லது இடுப்பில் வலி, அடிக்கடி அவசரமாக யூரின் வருவது. இந்த நான்கும் யாருக்கும் எப்போதாவது வரும். கணக்கில் எடுக்க வேண்டியது இரண்டு விஷயம்: சமீபத்தில், அதாவது ஒரு வருடத்துக்குள் புதிதாக வந்ததா, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்கிறதா. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே உப்புசம் இருந்த நாளில் ஒரு புள்ளி வைத்துவந்தால் மாதக் கடைசியில் விடை தெரிந்துவிடும். செலவு பூஜ்யம்.

இன்னொரு அடையாளம் உடுத்தும்போது தெரியும். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது, புடவைக் கொசுவம் இரண்டு மடிப்பு குறைகிறது, ஆனால் கையில் வளையல் கழன்று விழுகிறது. வயிறு மட்டும் பெருத்து உடம்பு மெலிந்தால் அது சதை போட்டதாக இருக்காது, நீர் கோத்திருக்கலாம். இந்த இடத்தில்தான் ஓமத் தண்ணீரிலும் கேஸ் மாத்திரையிலும் மாதங்கள் போய்விடுகின்றன. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக ‘ஐபிஎஸ்’ (வயிற்று வலி, உப்புசம் தரும் நாள்பட்ட குடல் கோளாறு) என்று யாராவது சொன்னால், சினைப்பையைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். அந்த வயதில் ஐபிஎஸ் புதிதாகத் தொடங்குவது அரிது.

அடுத்து ஸ்கேன். பேக்கேஜில் இருப்பது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன். ‘தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க, யூரின் முட்டினதும் சொல்லுங்க’ என்று நர்ஸ் சொல்வது இதற்குத்தான். மூத்திரப்பை நிறைந்தால்தான் அதன் வழியாகப் பின்னால் இருக்கும் கருப்பை தெரியும். கூட்டம் அதிகமான நாளில் பாதி நிறைந்ததுமே படுக்க வைத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டில் ‘சினைப்பைகள் தெளிவாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி இருந்தால், அந்த ஸ்கேன் சினைப்பையைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி இருப்பவருக்குத் தேவை பிறப்புறுப்பு வழி ஸ்கேன். அதற்கு மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும், வலி பெரிதாக இராது. திருமணமாகாதவர்களுக்கு இதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அவர்களுக்கு நிறைந்த மூத்திரப்பையோடு பொறுமையாகப் பார்க்கும் ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் வழி.

ஸ்கேனில் கட்டி தெரிந்தால் ‘நீர்க்கட்டி’ என்ற ஒற்றைச் சொல் போதாது. ஐந்து விஷயம் எழுதியிருக்க வேண்டும்: பல அறைகள் உண்டா, கெட்டியான பகுதி உண்டா, இரண்டு பக்கமுமா, வயிற்றில் நீர் உண்டா, பரவிய அடையாளம் உண்டா. ஒன்றும் இல்லையென்றால் மதிப்பெண் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் 3. இதை மாதவிடாய் நிலையால் பெருக்க வேண்டும் (நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3), பிறகு சிஏ 125-ஆல். வருவது கேன்சர் ஆபத்தைக் காட்டும் எண். சிஏ 125 இருவருக்கும் ஒரே 90 என்று எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் வரும் பெண், கட்டியில் பல அறைகள் மட்டும்: 1×1×90, வெறும் 90. மாதவிடாய் நின்றவர், கெட்டிப் பகுதியும் வயிற்றில் நீரும்: 3×3×90, அதாவது 810. பிரிட்டன் வழிகாட்டுதலில் 250-ஐத் தொட்டாலே கேன்சர் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிஏ 125-ஐத் தனியாக விற்பது ஏன் அரைகுறைச் சேவை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

பாப் ஸ்மியரைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. ‘கர்ப்பப்பை டெஸ்ட் நார்மல்’ என்று கவுன்டரில் சொல்லி அனுப்புகிறார்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை. கருப்பையின் உள்சுவரையும் சினைப்பையையும் அது சோதிப்பதில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி கறை பட்டாலும், பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும், உள்சுவரின் தடிமனை ஸ்கேனில் அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிறு குழாய் விட்டுத் திசு எடுப்பார்கள். 4-க்குள் இருந்தும் கறை மறுபடி வந்தால் அப்போதும் திசு எடுக்கச் சொல்லுங்கள்.

கணையக் கேன்சருக்கென்று விற்கும் சிஏ 19-9-க்குக் கொடுக்கும் காசு இன்னும் வீண். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பொருள் உற்பத்தியாகாது. அவர்களுக்குக் கணையத்தில் கட்டி இருந்தாலும் எண் ஏறாது. பித்தக்கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் கேன்சர் இல்லாமலே எகிறும். சாதா வயிற்று ஸ்கேனில் கணையத்தைக் குடல் காற்று மறைத்துவிடும். அறுபதைத் தாண்டியவருக்குத் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே எடையும் இறங்கினால் கேட்க வேண்டியது சிடி ஸ்கேன். சிஇஏ-வைப் புகைபிடிப்பதே ஏற்றிவிடும், அதைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பேக்கேஜோடு இலவசமாக வரும் ‘டாக்டர் ஆலோசனை’ பெரும்பாலும் ஐந்து நிமிடப் போன் கால். அதில் கட்டாயம் கேட்கப்பட வேண்டிய கேள்வி குடும்ப வரலாறு. அம்மா, அக்கா, சித்தி என்றோ, அப்பா வழியில் அத்தை என்றோ ஒரே பக்கத்து உறவில் மார்பகக் கேன்சரோ சினைப்பைக் கேன்சரோ வந்தவர்கள் இருந்தால், தேவை பிஆர்சிஏ (இந்தக் கேன்சர்களின் ஆபத்தைப் பரம்பரையாகக் கடத்தும் மரபணு) சோதனையும் அதற்கு முன் ஆலோசனையும். அதை எந்தத் தள்ளுபடிப் பேக்கேஜும் ஈடுகட்டாது.

நம் பரிந்துரை: அறிகுறி இல்லையென்றால் பாப் ஸ்மியர் அல்லது எச்பிவி (கருப்பை வாய்க் கேன்சரை உண்டாக்கும் வைரஸ்) சோதனை, வயதுக்கேற்ற மேமோகிராம், இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். அறிகுறி இருந்தால் லேபுக்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் போய்ப் புள்ளி வைத்த காலண்டரைக் காட்டுங்கள். சிஏ 125-ஐத் தீட்டு முடிந்தபின், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். கெட்டிப் பகுதியுள்ள கட்டியைப் பார்த்துவிட்டு ‘ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கேன்சராக இருந்தால் அந்த ஊசித் துளை வழியாகவே செல்கள் வயிற்றுக்குள் சிந்தக்கூடும். ரிப்போர்ட்டோடு அடையாறு புற்றுநோய் நிலையம் போலப் பெண்களின் இனப்பெருக்க உறுப்புக் கேன்சருக்கென்றே அறுவை நிபுணர்கள் உள்ள இடத்துக்குப் போங்கள், கட்டியை உடைக்காமல் முழுதாக எடுப்பது அவர்கள் வேலை.