கூகன் கணக்கா, பிக்சட் டெபாசிட்டா?

குழந்தை நட்சத்திரத்தின் சம்பளத்துக்கு யார் காவல்? சிறுவனாகவே ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த நடிகர் ஜாக்கி கூகன், தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் 1938-இல் வழக்குப் போட்டார். மில்லியன் கணக்கில் சம்பாதித்தவருக்குத் தேறியது ஏறத்தாழ 1,26,000 டாலர். அதன் பிறகே, 1939-இல், கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று தயாரிப்பாளரே 15 சதவீதத்தைப் பிடித்து, பிள்ளைக்கு 18 வயதாகும்வரை பூட்டிய கணக்கில் போடவேண்டும்; அதுதான் ‘கூகன் கணக்கு’.

நம் நாட்டின் 2017 குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், பிள்ளை பெயரில் பிக்சட் டெபாசிட். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலையும் கூடாது. காகிதத்தில் பிரமாதம்! ராத்திரி பதினோரு மணிக்கு, மேக்கப் கலைக்காமலே அம்மா மடியில் தூங்கும் பிள்ளைக்கு அந்த 5 மணி நேரத்தை எண்ணுவது யார்?

என் ஓட்டு கலிபோர்னியாவுக்கே. மீதி 85 சதவீதமும் பிள்ளையின் தனிச்சொத்து என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கே மீதி 80, அப்பா வேலையை விட்டு மேனேஜரான வீட்டில், வாடகைக்கும் வண்டித் தவணைக்கும் போய்விடும்.