டெல்டா எம்.எல்.ஏ.வுக்கு எது முதல் வேலை? நிதியா, சட்டமா, வாய்க்காலா, பதவியா?

தஞ்சாவூரில் 8, திருவாரூரில் 4, நாகப்பட்டினத்தில் 3, மயிலாடுதுறையில் 3. காவிரி டெல்டாவின் இந்த நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து 18 சட்டமன்றத் தொகுதிகள். 234 பேர் உட்காரும் அவையில் 18 பேர் பெரிய கூட்டமில்லை. இருந்தாலும் தேர்தல் நெருங்கினால் பதினெட்டிலும் ஒரே பேச்சுதான்: "நம்ம எம்.எல்.ஏ. என்ன செஞ்சார்?" ஒருவர் நிழற்குடையைக் காட்டுவார். இன்னொருவர் சட்டமன்றத்தில் பேசிய வீடியோவை அனுப்புவார். மூன்றாமவர், "அமைச்சர் பதவி குடுத்திருந்தா காட்டியிருப்பார்" என்பார்.

ஐந்து வருஷத்தில் ஒரு உறுப்பினரின் நேரத்துக்கும் செல்வாக்குக்கும் அளவு உண்டு. அதை எங்கே போட்டால் நெல் விளையும் ஊருக்கு நல்லது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

தொகுதி மேம்பாட்டு நிதி

ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இரண்டரைக் கோடியாக இருந்ததை 2019-20-இல் உயர்த்தினார்கள். கேட்கப் பெரிய தொகைதான். தொகுதியில் நூறு ஊராட்சி என்று வைத்துக்கொண்டால் ஊருக்கு 3 லட்சம்! அதிலும் ஒரு பகுதி அரசு வகுத்த பணிகளுக்கே போக வேண்டும்; மீதிதான் உறுப்பினர் விருப்பம். ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, சிமெண்ட் ரோடு என்று போய்விடும். கல்வெட்டில் பெயர் நிற்கும் என்பதால் எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது.

டெல்டாவில் இந்தப் பணத்துக்கு உருப்படியான செலவு ஒன்று உண்டென்றால், அது நெற்களம். அறுவடை மெஷின் வந்த பிறகு ஊர் முழுக்க நெல் ஒரே வாரத்தில் ஈரத்தோடு குவிகிறது. காயப்போட இடமில்லாமல் ரோட்டில் பாதியை அடைத்துப் பரப்புகிறார்கள். ராத்திரியில் பைக்கில் வருபவன் அதில் சறுக்கி விழுகிறான். நிழற்குடையில் நாலைக் குறைத்துக் களத்தில் இரண்டைக் கூட்டலாம். இதற்கு மேல் இந்த நிதியிடம் எதிர்பார்ப்பது வீண்.

சட்டம்

இது அபூர்வம். ஆனால் விழுந்தால் நிலைக்கும். டெல்டாவின் கூலிக்காரக் குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றியவற்றில் பாதி, சட்டமன்றத்தில் வாக்கெடுப்பில் நிறைவேறியவைதான். 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைக்காரனை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுத்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. "எங்கூட்டு மனையைக் காலி பண்ணு" என்ற மிரட்டல் அதோடு செத்தது. எத்தனை நிழற்குடை கட்டினால் இதற்கு ஈடாகும்?

கருணாநிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் குளித்தலையிலிருந்து முதல் தடவையாக அவைக்குப் போனவர், கன்னிப் பேச்சில் எடுத்தது நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையை. எதிர்க்கட்சி வரிசை, புது ஆள், கையில் அதிகாரம் எதுவுமில்லை. ஆனாலும் பண்ணை விவகாரம் அவைக் குறிப்பில் ஏறியது.

சமீபத்திய உதாரணம், 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஊர் ஊராக மக்கள் உட்கார்ந்து போராடியதன் விளைச்சல் அது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை, உருக்காலைகளுக்குத் தடை. ஓட்டைகளும் உண்டு. ஏற்கெனவே ஓடும் திட்டங்களைச் சட்டம் தொடவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் வெளியே நின்றன. தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன எதிர்க்கட்சி அன்று வெளிநடப்பு செய்தது. வெளிநடப்பு டிவிக்கு நல்ல படம். உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவுக்கும் திருத்தம் கொடுத்து அதை அவைக் குறிப்பில் ஏற்றியிருந்தால் இன்னும் பிரயோஜனம் என்பது என் எண்ணம்.

ஓட்டை இருந்தும் சட்டம் வேலை செய்தது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் டெல்டாவின் வடசேரி உள்ளிட்ட இடங்கள் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது வெளியே வந்ததும், முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சட்டத்தைத்தான் கையில் எடுத்தார். சில நாளிலேயே அந்த இடங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சட்டம் இல்லாமல் வெறும் உணர்ச்சியை எழுதியிருந்தால் அவ்வளவு வேகம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தண்ணீரும் கொள்முதலும்

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். கர்நாடகத்திடமிருந்து தண்ணீர் வாங்குவது எந்த எம்.எல்.ஏ. கையிலும் இல்லை. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்த்துவிட்டது, மாதா மாதம் கணக்குப் பார்க்கக் காவிரி மேலாண்மை ஆணையம் இருக்கிறது. காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணைக்கு எதிராக 2022 மார்ச்சில், தண்ணீர் கேட்டு 2023 அக்டோபரில் என்று அவை தீர்மானம் போட்டது. போட வேண்டியதுதான். அதற்குக் கை தூக்கியதையே ஐந்து வருஷ சாதனையாக நோட்டீஸ் அடிப்பது கொஞ்சம் அதிகம்.

எம்.எல்.ஏ. கை நிஜமாகவே நீளக்கூடிய இடம் கல்லணைக்குக் கீழே இருக்கிறது. அதாவது தூர்வாருதல். டெல்டாவுக்கென்று சிறப்புத் தூர்வாரும் பணிக்கு 2021-இல் 65 கோடி, 2022-இல் 80 கோடி, 2023-இல் 90 கோடி ஒதுக்கினார்கள். ஒரு தொகுதியின் 3 கோடியோடு இதை வைத்துப் பாருங்கள்! பணம் இங்கே கிடக்கிறது, கண்காணிக்க ஆளில்லை.

மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள், ஜூன் 12-இல் திறப்பார்கள். இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்க வேண்டும். மதிப்பீடு, டெண்டர் எல்லாம் முடிந்து பொக்லைன் வாய்க்காலில் இறங்க ஏப்ரல், மே ஆகிவிடுகிறது. 2022-இல் அணை மே 24-லேயே திறந்தது. இருந்த அவகாசமும் போயிற்று. அவசரத்தில் நடப்பது என்ன? ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் பகுதியில் கோரையை வழித்து, கரை ஓரமாக மண்ணை ஏற்றி வைப்பார்கள். அடி மண் அப்படியே இருக்கும். வளைவுக்கு அப்பால் ஆகாயத்தாமரை பச்சையாகச் சிரிக்கும். முதல் மழைக்குக் கரை மண் சரிந்து திரும்ப உள்ளே. பலகையில் மட்டும் நீளம், தொகை எல்லாம் பளிச்சென்று இருக்கும்.

இதில் அடிபடுவது கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதி. கல்லணைக் கால்வாய் என்றால் பேராவூரணி, சேதுபாவாசத்திரம். வெண்ணாறு என்றால் தலைஞாயிறு, கீழையூர் பக்கம். மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு மூன்று, நான்கு நாளில் வந்துவிடும். அங்கிருந்து கடைமடைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் என்பதை வாய்க்காலின் அடி மண்தான் தீர்மானிக்கிறது. எம்.எல்.ஏ. செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பணிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றின் தலைப்பிலிருந்து கடைசி மதகு வரை இரண்டு தடவை நடந்தால் போதும். ஷட்டர் ஏறுமா இறங்குமா என்று மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரைக் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த மாதங்களில்தான் பெரும்பாலும் பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கும். நீர்வளத் துறை மானியக் கோரிக்கையில் தூர்வாருதல் பற்றி உருக்கமாகப் பேச உறுப்பினர் சென்னையில் இருக்கும்போது, ஊரில் பொக்லைன் வந்து போய்விடுகிறது. இரண்டையும் செய்வதுதான் திறமை. வெள்ளிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் தஞ்சாவூர்.

அடுத்தது கொள்முதல். 17 சதவீத ஈரப்பதம் என்ற விதியைத் தளர்த்துவது ஒன்றிய அரசு, ஆக அதுவும் எம்.எல்.ஏ. கையில் இல்லை. ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையம் நின்றுபோவதற்கு ஈரப்பதம் மட்டும் காரணமல்ல. சாக்கு வரவில்லை, சணல் இல்லை, எடை போட்ட சிப்பத்தை ஏற்ற லாரி வரவில்லை, அதனால் இடமில்லை, இடமில்லாததால் புது நெல் வாங்கவில்லை. 40 கிலோ சிப்பம் வாசலில் அடுக்கிக் கிடக்க, விவசாயி தார்ப்பாயோடு பக்கத்திலேயே படுத்திருப்பார். 2025 அக்டோபரில் குறுவை நெல் இப்படித் தேங்கி மழையில் முளைத்ததை ஊரே பார்த்தது. லாரி வராதது கொள்கைப் பிரச்சினை அல்ல. மண்டல மேலாளருக்குப் போகும் ஒரு போன், பதில் வராவிட்டால் கலெக்டருக்கு இன்னொன்று. எம்.எல்.ஏ. பேசினால் எடுப்பார்கள், பட்டியல் எழுத்தர் பேசினால் எடுக்க மாட்டார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டும் பழக்கமும், வாரம் ஒரு முறை எம்.எல்.ஏ. வந்து உட்காரும் நிலையத்தில் கொஞ்சம் கூச்சப்படும்.

இதற்குக் கல்வெட்டு கிடையாது. லாரி நேரத்துக்கு வந்ததற்கு யாரும் போஸ்டர் ஒட்டப்போவதில்லை. பலர் இதில் இறங்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் வரிசையில் முதல் இடம் இதற்குத்தான். சட்டம் இரண்டாவது, தொகுதி நிதி கடைசி.

அமைச்சர் பதவி

"டெல்டாவுக்கு அமைச்சர் இல்லை" என்பது 2021 மே மாதம் நிஜமான மனக்குறை. அப்போது அமைந்த அமைச்சரவையில் இந்த நான்கு மாவட்டத்திலிருந்து ஒருவரும் இல்லை. 2023-இல் மன்னார்குடி டி.ஆர்.பி. ராஜாவுக்குத் தொழில் துறையும், 2024-இல் திருவிடைமருதூர் கோவி. செழியனுக்கு உயர்கல்வியும் வந்தன. அதற்கு முந்தைய ஆட்சியில் நன்னிலம் ஆர். காமராஜ் உணவுத் துறையையே வைத்திருந்தார். கொள்முதல் நிலையம் நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகம் அந்தத் துறையின் கீழ்தான். அப்படியும் சாக்குத் தட்டுப்பாடு என்ற புகார் டெல்டாவை விட்டுப் போய்விடவில்லை. பதவி உதவும், சரி. ஆனால் அமைச்சரானவர் மாநிலம் முழுக்க ஓட வேண்டியிருக்கும். சொந்தத் தொகுதியின் கடைசி மதகுக்கு வர அவருக்கு நேரம் இருக்காது.

இதை விட ஒருவரின் மனதை நன்றாகக் காட்டுவது 2022-இல் வந்த 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டப் பட்டியல். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தீராத 10 கோரிக்கைகளை எழுதிக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார்கள். தேர்தல் நேரத்தில் வாக்குறுதி கேட்பதை விட, அந்தப் பத்தில் எத்தனை தடுப்பணை, எத்தனை கிடங்கு, எத்தனை நுழைவு வளைவு என்று கேட்டுப் பார்க்கலாம்.

கும்பகோணத்துக்கு மட்டும் கணக்கு வேறு. பாதிக்கு மேல் நகரம். தனி மாவட்டக் கோரிக்கை வேறு பல வருஷமாக நிற்கிறது. அங்கே வாய்க்கால் என்றால் பாசனத்துக்கு முன்னால் சாக்கடைதான் ஞாபகம் வரும். 2028-இல் மகாமகம். அதற்குள் சாலை, கழிப்பறை, பேருந்து நிலையம், குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்தத் தொகுதிக்காரர் அரசலாற்றில் நடப்பதை விடத் தலைமைச் செயலகத்தில் கோப்பின் பின்னால் நடப்பதே மேல்.