கழுத்திலிருந்து இறங்கும் ஸ்வெட்டரா, துண்டுகளாகத் தைக்கும் ஸ்வெட்டரா?

ஸ்வெட்டர் பேட்டர்ன் (பின்னும் முறையை எழுதிய குறிப்பு) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் முதலில் தேடுவது அது எங்கே தொடங்குகிறது என்பதை. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று தனித்தனியாகக் கீழிருந்து பின்னித் தைக்கச் சொல்கிறதா, கழுத்தில் கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) போட்டுத் தையலே இல்லாமல் வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு ஊசி) இறங்கச் சொல்கிறதா? உடம்பில் அது எப்படி உட்காரும், தப்பு நேர்ந்தால் எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும்.

கழுத்திலிருந்து இறங்குவதில் அதிகம் கிடைப்பது ராக்லன். கழுத்திலிருந்து அக்குள் வரை நான்கு சாய்கோடுகள். ஒவ்வொன்றின் இருபுறமும் ஒரு கண்ணி கூட்டுவோம். சுற்று விட்டுச் சுற்று 8 கண்ணி ஏறும். அக்குள் வந்ததும் கைக்கான கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து நிறுத்திவிட்டு உடலைத் தொடரலாம். பின்னும்போதே போட்டுப் பார்க்க முடியும் என்பதற்காகவே முதல் ஸ்வெட்டருக்கு இதைத்தான் சொல்வேன்.

குழந்தைக்குப் பின்னுகிறவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பின்னல், முடித்த பக்கத்திலிருந்துதான் சுலபமாகப் பிரியும். ராக்லனில் முடித்த பக்கம் கீழே இருப்பதால், குழந்தை வளர்ந்ததும் ஓரத்தைப் பிரித்து நீளம் கூட்டிவிடலாம். கீழிருந்து பின்னியதில் அதே வேலைக்கு ஒரு வரிசையை வெட்டி, கண்ணிகளை ஊசியில் ஏற்ற வேண்டும். செய்ய முடியும்தான், ஆனால் நெஞ்சு படபடக்கும்.

ராக்லனின் தொல்லை வரிசைக் கணக்கில் இருக்கிறது. அளவு பார்க்க முதலில் சிறிய மாதிரித் துண்டு பின்னும்போது கண்ணிகளை எண்ணிவிட்டு வரிசைகளை எண்ணாமல் விடுகிறவர்கள் பலர். 10 செ.மீ.க்கு 28 வரிசை என்று எழுதிய பேட்டர்னில், 58 வரிசை பின்னினால் அக்குள் 20.7 செ.மீ. ஆழத்தில் வரும். என் கைக்கு 32 வரிசை விழுந்தது; அதே 58 வரிசை 18 செ.மீ.யில் நின்றுவிட்டது. மார்பளவு சரி, அக்குள் மட்டும் இறுகப் பிடித்தது. போட்டுப் பார்த்ததால் உடனே தெரிந்தது. கண்ணி கூட்டாமல் 6 சுற்று சேர்த்துப் பின்னினேன், சரியாகிவிட்டது. துண்டுகளாகப் பின்னியிருந்தால் தைத்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கும்.

மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். தட்டையாகப் பின்னும்போது நிட் (முன்பக்கக் கண்ணி) ஒரு வரிசை, பர்ல் (பின்பக்கக் கண்ணி) ஒரு வரிசை என்று மாறி மாறி வரும்; பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும். வட்டப் பின்னலில் வெறும் நிட் மட்டும் வருவதால் அளவு மாறிவிடும்.

இப்படியெல்லாம் சொன்னாலும், பருத்தி நூலிலோ அல்பாக்கா என்ற விலங்கின் முடி நூலிலோ பின்னும்போது நான் தையல் பேட்டர்னைத்தான் எடுப்பேன். இந்த நூல்களுக்குக் கம்பளியின் துள்ளல் கிடையாது. சொந்தக் கனத்திலேயே உடை தொங்கி நீளும். தோளிலும் பக்கவாட்டிலும் ஓடும் தையல் அந்தக் கனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தோளெலும்பின் ஓரத்தில் சரியாக உட்காரும் கைகளும் இந்த முறையில்தான் நன்றாக வருகின்றன. ஒடுங்கிய தோள் உள்ளவர்களுக்கு ராக்லனைவிட அது அழகாகப் பொருந்தும். பெரிய வண்ணக் கட்டங்களை இண்டார்சியாவில் (ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நூல் வைத்துப் பின்னும் முறை) போடுவதற்கும் தட்டையான துண்டுதான் வசதி. வட்டத்தில் பின்னினால் ஒவ்வொரு வண்ண நூலும் அதன் கட்டத்தின் மறுகோடியில் போய் நின்றுவிடும். பயணத்தில் ஒரு கைத்துண்டை மட்டும் பையில் போட்டுக்கொள்ளலாம். ராக்லனில் கை பின்னும்போது முழு ஸ்வெட்டரும் மடியில் சுழன்றுகொண்டிருக்கும்.

தைப்பதற்குப் பயப்படுகிறவர்கள் துண்டுகளை முதலில் நனைத்து, அளவுக்கு விரித்துக் காயவைத்துவிட்டுத் தைத்துப் பாருங்கள். ஓரங்கள் சுருளாமல் நிற்கும், பாதிச் சிரமம் குறையும்.

ஐஸ்லாந்தின் லோப்பாபேய்சா போன்ற வட்டத் தோள்பட்டை ஸ்வெட்டர் மூன்றாவது வழி. அதற்குப் பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் வகுத்த சதவீதக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்: மார்பின் கண்ணிகளை 100 என்று வைத்தால் கழுத்துக்கு 40, மணிக்கட்டுக்கு 20. மார்புக்கு 200 கண்ணி என்றால் கழுத்துக்கு 80, மணிக்கட்டுக்கு 40.

ராக்லன் வாங்குமுன் பின்கழுத்தை உயர்த்தக் குறுவரிசைகள் (முழுச் சுற்றும் போகாமல் பாதியில் திரும்பும் வரிசைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். கழுத்தை நேராக வட்டத்தில் தொடங்கும் எளிய பேட்டர்ன்களில் அவை இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் நிற்கும். போட்டதும் முன்கழுத்து தொண்டையை அழுத்தும்.