டேங்க் மூடி திறக்கவில்லை என்றால் உடனே கேபிளை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து திருச்சிக்குக் குடும்பத்துடன் காரில் சென்றபோது, விழுப்புரத்தைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். ஓட்டுநர் இருக்கைக்கு வலப்புறம் தரையோடு இருக்கும் லிவரை இழுத்தால், வழக்கமாகக் கைக்குத் தெரியும் இறுக்கம் இல்லாமல் அது தொளதொளவென மேலே வந்தது. டேங்க் மூடி அசையவே இல்லை. எரிபொருள் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததால் அங்கிருந்து கிளம்பிச் செல்லவும் துணிவு வரவில்லை.

பங்க் ஊழியர் ஒருவர் ஸ்க்ரூடிரைவரை மூடியின் விளிம்பில் செருகி நெம்பினார். நான் தடுப்பதற்குள் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. கைப்பேசியைப் பயன்படுத்தாதீர்கள் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில், பெட்ரோல் ஆவிக்கு நடுவே இரும்போடு இரும்பை உரசலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. பிறகு அவரே பக்கத்திலிருந்த ஒர்க்‌ஷாப்புக்கு வழிகாட்டினார்.

அங்கிருந்தவர் வண்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "கேபிள் அறுந்துபோச்சு சார், முழுசா மாத்தணும்" என்றார். சீட்டைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கி, லிவரிலிருந்து பின்பக்க மூடி வரை புதுக் கேபிள் இழுக்க வேண்டும் என்று விளக்கி, பொருளும் கூலியும் சேர்த்து 4,600 ரூபாய் கேட்டார். வெயிலில் நிற்க வேண்டாம், டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று உபசாரமும் செய்தார். அந்த உபசாரத்துக்கு மயங்கிக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தது என் தவறு. திரும்பி வந்தபோது மூடி திறந்தது, பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, பில் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். பழைய கேபிளைக் கேட்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை, மூடி மறுபடி சிக்கிக்கொண்டது. தாம்பரத்தில் எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். கதவு வாசல் ஓரத்து பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், வண்டி வாங்கிய நாளிலிருந்து படிந்த தூசியோடு பழைய கேபிள் அப்படியே கிடந்தது. நெடுஞ்சாலையில் நடந்த வேலை என்னவென்றால், டிக்கி வழியாகக் கையை விட்டு, மூடியைப் பூட்டிப் பிடித்திருக்கும் லாட்சைத் திறந்து, அதில் கிரீஸ் தடவி, மூடியை வெளியே தள்ளும் தகட்டு ஸ்பிரிங்கைச் சற்று வளைத்துவிட்டது மட்டும்தான்.

உண்மையான கோளாறு லிவர் பக்கத்தில் இருந்தது. இந்தக் கேபிளில் உள்ளே ஒரு கம்பியும் வெளியே ஓர் உறையும் உண்டு. உறை தன் பிடிப்பில் அசையாமல் நின்றால்தான் உள்கம்பி லாட்சை இழுக்கும். என் வண்டியில் உறை பிடிப்பிலிருந்து நழுவியிருந்ததால், லிவரை இழுத்தபோதெல்லாம் கம்பியோடு உறையும் சேர்ந்து நகர்ந்ததே தவிர, லாட்சுக்குப் போதிய இழுவை போய்ச் சேரவில்லை. அண்ணன் அதைப் பொருத்தி, துருவேறிய கீலுக்கு எண்ணெய் விட்டு, 250 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஆகவே, இப்படி நேர்ந்தால் முதலில் ஒருவர் லிவரை இழுத்துப் பிடித்திருக்க, மற்றொருவர் மூடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ தூசியில் ஒட்டியிருந்தாலோ இதிலேயே திறந்துவிடும். கதவுப் பூட்டோடு இணைந்து மின்சாரத்தில் இயங்கும் மூடியாக இருந்தால், எல்லாக் கதவுகளின் பூட்டையும் திறந்துவிட்டு முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால், டிக்கியில் மூடி இருக்கும் பக்கத்து லைனிங்கை விலக்கினால் பல வண்டிகளில் லாட்சைக் கையால் எட்டலாம். சிலவற்றில் அவசரத்துக்கு இழுக்க ஒரு கயிறே வைத்திருப்பார்கள். ஸ்க்ரூடிரைவரோடு யாரையும் அருகில் விடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கையாகக் கருதுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். கையில் பில் இல்லாத நிலையில், பணம் கொடுத்த அன்றைய யுபிஐ பதிவும், தூசி படிந்த பழைய கேபிளை அண்ணன் கழற்றிக் காட்டியபோது எடுத்த 3 படங்களும் மட்டுமே என் பக்கம் இருக்கின்றன.